கடல்ல போற "மக்கும்" பிளாஸ்டிக்க யாரு திங்கறா?

"கடல் பாக்டீரியா பிளாஸ்டிக்க தின்னு தீர்த்துடும்"னு அப்பப்போ ஒரு ஃபார்வர்டு சுத்துது, அதுல பாதிதான் நிஜம். ஏறி உக்காருது, சரி. தின்னுதான்னா, அது எந்த பிளாஸ்டிக்குங்கறத பொறுத்தது.

தண்ணில விழுந்த கொஞ்ச நேரத்துலயே கரைஞ்சு கிடக்கற புரதம், சர்க்கரையெல்லாம் மேல படிஞ்சு மெல்லிசா ஒரு படலம் வந்துடும், அதுல பாக்டீரியா ஒட்டி, பசை மாதிரி ஒண்ண சுரந்து, கூட்டமா குடியேறிடும். தொட்டா வழவழன்னு இருக்குமே, அதுதான் பயோஃபிலிம். 2013ல இந்த மொத்த குடியிருப்புக்கும் பிளாஸ்டிஸ்பியர்னு பேர் வெச்சாங்க. அட்லாண்டிக்ல எடுத்த துண்டுங்கள எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா சின்னச் சின்ன குழி, ஒவ்வொண்ணுலயும் ஒரு செல் அளவெடுத்த மாதிரி பொருந்தி உக்காந்திருக்கு! படம் பாத்தா சிலிர்க்கும், ஆனா குழி இருக்குங்கறதால தின்னுச்சுன்னு ஆயிடாது.

கேரி பேக் செய்யற சாதாரண பிளாஸ்டிக்கான பாலிஎத்திலினோட சங்கிலி முழுக்க கார்பன்-கார்பன் பிணைப்புதான், என்சைம் சுலபமா வெட்டற மாதிரி ஒரு இடமே கிடையாது, அதோட அவ்ளோ நீள சங்கிலி செல்லுக்குள்ள நுழையவும் முடியாது. வெயில் பட்டு உடைஞ்ச துணுக்கு கிடைச்சா கொஞ்சம் கடிக்கும், அவ்ளோதான். அதனாலதான் பல ஆய்வுகள்ல பாலிஎத்திலின் மேல இருக்கற கூட்டமும் பக்கத்துல போட்ட கண்ணாடி மேல இருக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கு, எந்த கடல், எந்த சீசன்ங்கறதுதான் பெரிய வித்தியாசம்.

பிஎச்ஏ-ங்கற மக்கும் பிளாஸ்டிக்கோட கதை வேற. அது பாக்டீரியாவே பஞ்ச காலத்துக்குன்னு உடம்புக்குள்ள சேத்து வெச்சுக்கற சரக்கு, அத வெட்டற என்சைமும் கடல்ல நிறைய பேர்கிட்ட ரெடியா இருக்கு, அதனால அது மேல வர்ற கூட்டம் நிஜமாவே சாப்பிட வர்ற கூட்டம். சோளம் மாதிரி பயிர்லேர்ந்து செய்யற பிஎல்ஏ-வும் "மக்கும்" லிஸ்ட்லதான் இருக்கு, ஆனா அதுக்கு கிட்டத்தட்ட 60 டிகிரி சூட்டுல நடக்கற தொழிற்சாலை கம்போஸ்ட் வேணும். கடல்ல ஏதுங்க அந்த சூடு? வருஷம் கழிச்சு எடுத்தாலும் பெருசா மாறியிருக்காது. ரெண்டுக்கும் ஒரே லேபிள் ஒட்டி விக்கறது எனக்கு சுத்தமா பிடிக்கல. ஆக்ஸோ பிளாஸ்டிக், அதாவது சீக்கிரம் உடையறதுக்குன்னு கெமிக்கல் கலந்த சாதாரண பிளாஸ்டிக், இன்னும் மோசம், தூள் தூளா உடையும், அத மக்கறதுன்னு சொல்லிட்டிருந்தாங்க, ஐரோப்பிய யூனியன்ல 2021லேர்ந்து தடை.

அடுத்த தடவை "பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா"ன்னு நியூஸ் வந்தா எடை குறைஞ்சுதான்னு மட்டும் பாக்காதீங்க, உள்ள கலந்த கெமிக்கல் கசிஞ்சாலும் எடை குறையும். கார்பன்-13 (கொஞ்சம் கனமான கார்பன், எங்க போகுதுன்னு அடையாளம் கண்டுபிடிக்கலாம்) வெச்ச பிளாஸ்டிக்க குடுத்து, அந்த கார்பன் பாக்டீரியா உடம்புலயோ கார்பன் டை ஆக்சைடுலயோ வந்து சேந்துச்சான்னு காட்டியிருக்காங்களான்னு தேடுங்க.