குளியலறைக்கு வந்த மட்டத்தேள்

நேற்று ராத்திரி மழைக்கு எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குளியலறைக்குள் ஒரு மட்டத்தேள். முக்கால் சாண் இருக்கும். (இந்தியாவில் பூரான் என்பார்கள்.) "தம்பி, தும்புத்தடியை எடு" என்று அம்மா கத்தினார். நான் பெரிய போத்தலைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டேன்.

சரி, பிடித்தாயிற்று, ஆறுதலாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 21 சோடிக் கால்கள். கடைசிச் சோடி கொடுக்கு மாதிரித்தான் இருக்கும், ஆனால் விஷம் அதில் இல்லை. தலைக்குக் கீழே உள்ள இரண்டு நகங்களில்தான். அவை உருமாறிய முன்னங்கால்கள். அதாவது, இந்தப் பிராணி கடிப்பதே காலால்! பார்வை படு மட்டம், உணர்கொம்பால் தடவித்தான் கரப்பானைப் பிடிக்கும். உடம்பு ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால்தான் ஈரமான இடமாகத் தேடி வருகிறது.

தாய் மட்டத்தேள் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்து, பூஞ்சணம் பிடிக்காமல் நக்கி நக்கித் துப்புரவாக்கும். பொரித்த பிறகும் குஞ்சுகளைக் கொஞ்ச நாள் அணைத்தே வைத்திருக்கும். ஆனால் யாராவது தொல்லை கொடுத்தால் முட்டைகளைத் தானே தின்றுவிடுவதும் உண்டு.

இதைச் சொன்னதும் அம்மா, "நானும் உங்களை அப்பிடித்தானே வளர்த்தனான்" என்றார். எந்தப் பகுதியைச் சொன்னார் என்று கேட்கவில்லை.