பிக்கப்புல சீலா, எம்340ஐ-யா?

எலக்ட்ரிக்கா பெட்ரோலான்னு ஆரம்பிக்கிற எல்லா பேச்சும் கடைசில வந்து நிக்கிறது ஒரே நம்பர்லதான். ஜீரோ டு ஹண்ட்ரட், அதாவது நின்ன இடத்துலேர்ந்து நூறு கிலோமீட்டர் வேகம் எட்ட எத்தன செகண்ட்? பிஒய்டி சீல்ங்கிற எலக்ட்ரிக் காரோட பெர்ஃபார்மன்ஸ் வேரியண்ட்ல அந்த நம்பரையே டிக்கில 3.8எஸ்னு பேட்ஜா ஒட்டி விக்கிறாங்க. பெட்ரோல்ல ஓடுற பிஎம்டபிள்யூ எம்340ஐ-க்கு கம்பெனி சொல்றது 4.4. பேப்பர்ல பாத்தா சீல் ஜெயிச்சாச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டையும் ஓட்டுனதுக்கு அப்புறம் எனக்கு அந்த 0.6 செகண்ட் பெருசா தெரியல, பெடல்ல கால் அழுத்துறதுக்கும் கார் நம்மள தள்ளுறதுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி இருக்கே, அதுலதான் இந்த ரெண்டு காரும் வேற வேற ஜாதி.

சீல் எங்க சித்தப்பா பையனோடது, எம்340ஐ காலேஜ் ஃப்ரெண்டோடது. சீல் இங்க 2024 மார்ச்ல வந்தப்ப இந்த டாப் வேரியண்ட் 53 லட்சம் எக்ஸ் ஷோரூம். எம்340ஐ நம்ம சென்னைய ஒட்டி சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மகிந்திரா சிட்டில இருக்குற பிஎம்டபிள்யூ பிளாண்ட்லயே அசெம்பிள் ஆகுற வண்டி, 2022 டிசம்பர்ல ஃபேஸ்லிஃப்ட் வந்தப்ப 69.20 லட்சம். விலையில இவ்ளோ இடைவெளி இருக்குன்னு மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

சீல்ல ரெண்டு மோட்டார், பின்னாடி 230 கிலோவாட், முன்னாடி 160, சேந்து பவர் 530 பிஎஸ் (எச்பி மாதிரிதான்), டார்க், அதாவது சுத்துற விசை, 670 என்எம். எம்340ஐ-ல 3 லிட்டர் இன்லைன் சிக்ஸ் டர்போ (ஒரே வரிசைல ஆறு சிலிண்டர், ஸ்ட்ரெயிட் சிக்ஸ்னும் சொல்வாங்க), 374 எச்பி, 500 என்எம், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். ரெண்டுமே ஆல் வீல் டிரைவ், நாலு சக்கரத்துக்கும் பவர் போகும். ஆனா வெயிட்ட பாருங்க, சீல் 2,185 கிலோ, பிஎம்டபிள்யூ அதவிட நானூறு கிலோவுக்கு மேல கம்மி. அவ்ளோ வெயிட்ட தூக்கிக்கிட்டு 3.8 செகண்ட்ல நூறு போகுதுன்னா சராசரியா முக்கால் ஜி ஃபோர்ஸ், அதாவது நம்ம உடம்பு வெயிட்ல முக்கால்வாசி சீட்டோட முதுகுல அழுந்துது. இன்னொரு கணக்கு எனக்கு ரொம்ப பிடிச்சது. டிரைவரோட சேத்து அந்த வண்டிய நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு கொண்டுவர தேவைப்படுற எனர்ஜி, லாஸ் எல்லாம் விட்டுட்டா, கிட்டத்தட்ட கால் யூனிட் கரண்ட்தான். வீட்டு மீட்டர்ல ஓடுற அதே யூனிட்ல கால்வாசி, அத நாலு செகண்டுக்குள்ள கொட்டுறதுதான் இந்த காரோட வித்தை.

இது எப்படி நடக்குதுன்னா, எலக்ட்ரிக் மோட்டாருக்கு ஜீரோ ஆர்பிஎம்லயே (ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு எத்தன சுத்து) முழு டார்க் இருக்கு, கியர் ஒண்ணே ஒண்ணு, மாத்துறதுக்கு எதுவும் இல்ல. பெட்ரோல் எஞ்சின் அப்படி இல்ல, எம்340ஐ-ல அந்த 500 என்எம் 1,900 ஆர்பிஎம்லதான் ஆரம்பிக்குது, அதுக்கு டர்போ சுத்தி பூஸ்ட் ஏறணும், அதாவது காத்த அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளணும். அதனாலதான் நின்ன இடத்துலேர்ந்து முழு வேகத்துல கிளம்ப அதுக்கு லாஞ்ச் கண்ட்ரோல்னு ஒரு சடங்கே இருக்கு. எஞ்சின் நல்லா சூடாகி இருக்கணும், ஸ்போர்ட் ப்ளஸ், இடது கால்ல பிரேக்க இறுக்கி மிதிச்சுக்கிட்டு வலது கால்ல ஆக்சிலரேட்டர தரையோட அழுத்தணும், டிஸ்ப்ளேல கொடி மாதிரி ஒரு சிம்பல் வரும், எஞ்சின் ஆர்பிஎம்ம பிடிச்சுக்கிட்டு உறுமும், பிரேக்க விட்டா பின்பக்கம் கொஞ்சம் குந்தி பாயும். ஒரு தடவ பண்ணிட்டா கியர்பாக்ஸ் ஆற அஞ்சு நிமிஷம் விடணும்னு மேனுவல்லயே போட்ருக்கு. சீல்ல ஸ்போர்ட் மோட் போட்டு மிதி, அவ்ளோதான். சத்தம் இல்ல, முன்னறிவிப்பு இல்ல, பக்கத்து சீட்ல இருக்குறவன் பேசிட்டு இருந்தா வாக்கியம் பாதில நிக்கும்.

சரி, லாஞ்ச் எல்லாம் ட்ராக்லயோ மூடுன இடத்துலயோ பண்ற வேலை, ரோட்ல பண்ணவே கூடாது. தினசரி நமக்கு பிக்கப் தேவைப்படுறது சென்னை ஜிஎஸ்டி ரோடு மாதிரி ஹைவேல எழுபதுல போற லாரிய தாண்டும்போது. இங்கதான் நான் நிஜமா சீல் பக்கம் சாயுறேன். எம்340ஐ கம்ஃபர்ட் மோட்ல எண்பதுல போகும்போது மேல் கியர்ல 1,500 ஆர்பிஎம்முக்கும் கீழ தூங்கிட்டு வரும், சட்டுனு மிதிச்சா கியர்பாக்ஸ் யோசிச்சு மூணு நாலு கியர் கீழ இறங்கி பூஸ்ட் ஏறி அப்புறம் கிளம்பும். ரொம்ப வேகமான கியர்பாக்ஸ்தான், இருந்தாலும் அந்த அரை மூச்சு நேரம் தெரியும். ஸ்போர்ட்ல வெச்சு ஸ்டியரிங்ல இருக்குற பேடில்ல முன்னாடியே கியர் இறக்கி ரெடியா இருந்தா அந்த பிரச்சன இல்ல, ஆனா அதுக்கு டிரைவர் முன்கூட்டியே யோசிச்சு வெச்சிருக்கணும். சீல்ல யோசிக்க வேண்டியதே இல்ல, கால் அசைஞ்சதும் கார் அசையுது. ஓவர்டேக் பண்ணும்போது எதிர் வண்டிக்கும் நமக்கும் நடுவுல கிடைக்கிற இடம்தான் உயிர், அதனால இத நான் வெறும் ஜாலி விஷயமா பாக்கல, சேஃப்டி விஷயமாத்தான் பாக்குறேன்.

வேகம் ஏற ஏற நிலைமை மாறுது. மோட்டார் வேகமா சுத்த சுத்த அதுக்குள்ள எதிர் வோல்டேஜ் உருவாகி டார்க் குறைய ஆரம்பிக்கும், ஒரே கியர்ங்கிறதால அத காப்பாத்திக்க வழி இல்ல (போர்ஷ டைக்கான்ங்கிற எலக்ட்ரிக் கார்ல பின் மோட்டாருக்கு ரெண்டு கியர் குடுத்தது இதுக்குத்தான்). சீல் 180-ல லிமிட் ஆகிடும், எம்340ஐ 250 வரைக்கும் போகும். ட்ராக் நாள்ல ஸ்ட்ரெயிட்ல இது நல்லா தெரியும், சீல் முதல் தள்ளுலயே இருக்குறதெல்லாம் குடுத்துட்டு அப்புறம் மெதுவா அடங்குது, பிஎம்டபிள்யூ அப்பதான் தொண்டைய திறக்குது. அந்த ஸ்ட்ரெயிட் சிக்ஸ் ஐயாயிரம் ஆர்பிஎம்ம தாண்டி ஏறும்போது சத்தமும் இழுவையும் ஒண்ணா ஏறுற சுகம், மணிக்கணக்கா ஓட்டுனாலும் அலுக்காது. வேகமா போறதுல மட்டும் இல்ல, வேகம் வளருறத கேக்குறதுலயும் சந்தோஷம் இருக்கு, அது எனக்கு இன்னும் எந்த எலக்ட்ரிக் கார்லயும் கிடைக்கல. வளைவுக்கு முன்னாடி பிரேக் பிடிக்கும்போதும் அந்த நானூறு கிலோ சொச்சம் தன்னை காட்டிக்கும், டயர் பாவம்.

ஜீரோ டு ஹண்ட்ரட் டைம் அளந்து பாக்குறவங்களுக்கு ஒண்ணு. போன் ஆப்ப நம்பாதீங்க, பெரும்பாலான போன்ல ஜிபிஎஸ் செகண்டுக்கு ஒரு தடவதான் அப்டேட் ஆகும், நாலு செகண்ட்ல முடியுற விஷயத்த அதுல அளக்கவே முடியாது. செகண்டுக்கு குறஞ்சது பத்து தடவ படிக்கிற தனி ஜிபிஎஸ் பாக்ஸ் வேணும். அமெரிக்கா பத்திரிகைகள் போடுற நம்பர்ல முதல் ஒரு அடி தூரத்த கணக்குலயே சேக்க மாட்டாங்க, ரோல்அவுட்னு கழிச்சிடுவாங்க, அதுலயே கால் செகண்ட் கிட்ட கம்மியா தெரியும், அத இங்க எடுத்த நம்பரோட ஒப்பிட்டு சண்ட போடுறதுல அர்த்தமே இல்ல. அப்புறம் சீல்ல எடுக்குறதா இருந்தா பேட்டரி நிறைய சார்ஜ்ல இருக்கும்போது எடுங்க, ரொம்ப இறங்குனா பவர் குறையும். மே மாச மத்தியானத்துல ரெண்டு வண்டியுமே வாடும், பெட்ரோல் வண்டிக்கு சூடான காத்துல அடர்த்தி கம்மி, எலக்ட்ரிக்குக்கு பேட்டரி சூடு. காலைல ஆறு மணிக்கு போங்க.

டெஸ்ட் டிரைவ் போறவங்க ஷோரூம்காரர் சொல்றாருன்னு நின்ன இடத்துலேர்ந்து மிதிச்சு பாத்துட்டு இறங்கிடாதீங்க. நார்மல் மோட்ல நாப்பதுல போய்க்கிட்டே இருந்து எண்பதுக்கு மிதிச்சு பாருங்க, பின் சீட்ல வீட்ல இருக்குற ஒருத்தர உக்கார வெச்சுக்கிட்டு பாருங்க, சீல் மாதிரி வண்டில அந்த திடீர் தள்ளு சிலருக்கு குமட்டும்.