ஒரு தனிநபர் இம்யூனிட்டி கூட ஜெயிக்காமல் இரண்டு முறை சாம்பியன்: சாண்ட்ரா டயஸ்-ட்வைன்

அமெரிக்க ரியாலிட்டி நிகழ்ச்சியான சர்வைவரை பிக் பாஸ் கணக்கில் பார்ப்பவர்களுக்கு சாண்ட்ராவைப் புரியவே புரியாது. பிக் பாஸில் ஓட்டு நம் கையில். சர்வைவரில் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஓட்டே கிடையாது. தீவில் கூட இருப்பவர்கள்தான் ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிறார்கள். அப்படி வெளியே போனவர்களில் கடைசி சிலர் ஜூரியாக உட்கார்ந்து, மிச்சம் இருப்பவர்களில் யாருக்குப் பணம் என்று ஓட்டுப் போடுகிறார்கள். நீங்கள் கழுத்தறுத்தவரே கடைசியில் உங்களுக்கு மார்க் போடுவார். 2021-இல் ஜீ தமிழில் அர்ஜுன் தொகுத்து வழங்கிய ஜான்சிபார் சீசனைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு பழகியிருக்கும்.

இந்த விதிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ட்ரைப் (அணி) தோற்கும்போது ஓட்டுச் சீட்டில் நம் பெயர் எழுதப்படாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. ட்ரைப்கள் ஒன்றான பிறகு, ஜெயிக்க முடியாதவர் என்ற எண்ணத்தை மற்றவர்களிடம் உண்டாக்குவது இரண்டாவது. கடைசி நாளில் அதே ஆட்களிடம் 'நான்தான் தகுதியானவள்' என்று நம்ப வைப்பது மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சாண்ட்ரா முதலில் வந்தது 2003-இல், ஏழாவது சீசனான பேர்ல் ஐலண்ட்ஸில். பனாமா கரையோரத் தீவுகள், கடற்கொள்ளையர் தீம், 16 பேர், 39 நாள். போட்டியாளர்களை உடுத்திய துணியோடு இறக்கிவிட்டு, கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து, ஒரு மீனவ கிராமத்தில் சாமான் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். டிரேக் அணியில் ஸ்பானிஷ் சரளமாகப் பேசும் சாண்ட்ராதான் பேரம் பேசினார். அதே அணியின் ரூப்பர்ட் எதிரணியின் செருப்பு, ஷூக்களைச் சுருட்டி விற்றதைத்தான் எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் முதல் நாளே அணிக்குத் தேவைப்படும் ஆள் என்று பெயர் வாங்கியது சாண்ட்ராவுக்குப் பெரிய லாபம். உடல் பலம் இல்லாதவரைத்தான் முதல் இரண்டு ஓட்டெடுப்புகளில் அனுப்புவார்கள். அந்த ஆபத்தை அவர் சந்தையிலேயே கடந்துவிட்டார்.

அவருடைய முறையை ஒரே வரியில் சொல்லலாம்: யார் போனாலும் சரி, நான் போகக் கூடாது. கேட்க சோம்பேறித்தனமாக இருக்கும். செய்து பார்த்தால் நிறைய உழைப்பு. கூட்டணியின் தலைவராக ஆகக் கூடாது, ஏனென்றால் எதிரணி முதலில் குறிவைப்பது தலையைத்தான். அதே சமயம் உதிரி ஓட்டாகவும் இருக்கக் கூடாது, உதிரியை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். எட்டுப் பேர் ட்ரைப் என்றால் ஐந்து ஓட்டு வேண்டும். அந்த ஐந்தில் மூன்றாவது, நான்காவது ஆளாக இருப்பதுதான் பாதுகாப்பான இடம். பெயரை முன்மொழிவது இன்னொருவராக இருக்க வேண்டும், அந்தப் பெயரை அவர் காதில் போட்டது நாமாக இருக்கலாம். கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அந்த ரகம். ஆனால் வாய் மட்டும் நழுவாது. சண்டை வந்தால் முகத்துக்கு நேராகத் திட்டித் தீர்ப்பார். இதுவும் ஒரு வகையில் உதவியது. இவ்வளவு சத்தம் போடுகிறவர் ரகசியமாகக் காய் நகர்த்துவார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பேர்ல் ஐலண்ட்ஸில் ரூப்பர்ட்டை வெளியேற்றியபோது சாண்ட்ராவுக்கு அது பெரிய அடி. கோபத்தில் முகாமில் வைத்திருந்த மீனைக் கொட்டிவிட்டார். பட்டினி கிடக்கும் இடத்தில் மீனைக் கொட்டுவது லேசான குற்றமல்ல. பழி விழுந்தது கூட்டாளி கிறிஸ்டா மீது. பின்னர் அவரும் வெளியே போனார். சாண்ட்ரா ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி மூவரில் இறுதி இம்யூனிட்டியை (ஜெயித்தவரை அன்றைக்கு ஓட்டுப் போட்டு அனுப்ப முடியாத போட்டி) ஜெயித்தவர் லில்லியன். பாட்டி செத்துப்போனார் என்று பொய் சொல்லி அனுதாபம் சம்பாதித்த ஜானை விட்டுவிட்டு, சாண்ட்ராவைத் தன்னோடு கூட்டிப்போனார். லில்லியன் ஏற்கெனவே வெளியேற்றப்பட்டு, நடுவில் திரும்பி வந்தவர். ஜூரி அதை மன்னிக்கவில்லை. 6–1. பத்து லட்சம் டாலர்.

2010-இல் ஒளிபரப்பான இருபதாவது சீசன், பழைய ஆட்டக்காரர்களை ஹீரோக்கள், வில்லன்கள் என்று இரண்டு ட்ரைப்பாகப் பிரித்த ஹீரோஸ் வெர்சஸ் வில்லன்ஸ், சமோவாவில். என் கணக்கில் அவருடைய உண்மையான சாதனை இதுதான், முதல் வெற்றி அல்ல. வில்லன்கள் முகாமில் பாஸ்டன் ராப் வெளியேறியதும் சாண்ட்ராவும் கோர்ட்னியும் சிறுபான்மை ஆனார்கள். அடுத்த ஓட்டு கோர்ட்னிக்கு என்று முடிவாகிவிட்டது. சாண்ட்ரா எதிர்க்கூட்டணியின் ரஸ்ஸலிடம் போய், கோச் உனக்கு எதிராக ஆள் சேர்க்கிறார் என்று கொளுத்திப் போட்டார். ரஸ்ஸல் சந்தேகப் பிராணி. தன் பக்கம் இருந்த கோச்சையே அன்றைக்கு அனுப்பிவிட்டார். இதில் கவனிக்க வேண்டியது, சாண்ட்ரா ரஸ்ஸலின் பலத்தை எதிர்க்கவில்லை. அவருடைய பயத்துக்குத் தீனி போட்டார். ஓட்டு இல்லாதவர் ஓட்டை நகர்த்த வேறு வழியே இல்லை.

ட்ரைப்கள் ஒன்றான பிறகு அவர் ஹீரோக்களிடம் போய், ரஸ்ஸலை நம்பாதீர்கள் என்று எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே ஹீரோக்களில் ஒருவரான ஜே.டி. தன் ஐடலை (யாருக்காகப் போடுகிறோமோ அவருக்கு விழுந்த ஓட்டைச் செல்லாமல் ஆக்கும் பொருள்) எதிரணியில் இருந்த ரஸ்ஸலுக்கே தானமாக அனுப்பியிருந்தார், சர்வைவர் வரலாற்றின் மிக அபத்தமான நகர்வுகளில் ஒன்று. வில்லன்கள் பக்கம் இருந்த பர்வதி இரண்டு ஐடல்களை எடுத்து ஜெர்ரிக்கும் சாண்ட்ராவுக்கும் கொடுக்க, ஹீரோக்களின் ஓட்டு செல்லாமல் போய், வெளியே போனவர் அதே ஜே.டி. (பர்வதி என்ற பெயரைப் பார்த்து நம்ம ஊர்ப் பெண்ணோ என்று தேட வேண்டாம், அவர் அமெரிக்கர்.)

தோற்றுப்போன அந்த எச்சரிக்கைதான் கடைசியில் வட்டியோடு திரும்பி வந்தது. இறுதி இம்யூனிட்டி ரஸ்ஸலுக்கு. சாண்ட்ராவைச் சுலபமாக ஜெயிக்கலாம் என்று நினைத்து ஜெர்ரியை அனுப்பிவிட்டு, பர்வதியையும் சாண்ட்ராவையும் உட்கார வைத்தார். ஜூரி முன்னால் சாண்ட்ரா சொன்னதன் சாரம்: நான் உங்கள் பக்கம் வரப் பார்த்தேன், நீங்கள் கேட்கவில்லை. 6–3–0. சாண்ட்ராவுக்கு விழுந்த ஆறில் ஐந்து ஹீரோக்களுடையவை: ஜே.டி., அமாண்டா, கேண்டிஸ், ரூப்பர்ட், கோல்பி. ஆறாவது கோர்ட்னி. ரஸ்ஸலுக்கு ஒன்றுகூட இல்லை. போகிற போக்கில் அவருடைய தொப்பியையும் நெருப்பில் போட்டு எரித்திருந்தார் சாண்ட்ரா.

பர்வதி ரசிகர்கள் இன்றைக்கும் இதை அநியாயம் என்பார்கள். ஆட்டத்தின் அழகில் பர்வதி மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் ரஸ்ஸலோடு சேர்ந்து நின்றார், ஜூரி ரஸ்ஸலை வெறுத்தது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான். இரண்டு வெற்றியிலும் சாண்ட்ராவைக் கடைசிவரை கொண்டுபோனது இறுதி இம்யூனிட்டி ஜெயித்த இன்னொருவர் என்பதைப் பாருங்கள். இம்யூனிட்டி ஜெயிக்காததுதான் அவருக்குக் கிடைத்த அழைப்பிதழ்.

2017-இல் முப்பத்து நான்காவது சீசனான கேம் சேஞ்சர்ஸ், ஃபிஜி. இரண்டு முறை ஜெயித்தவர் இனி சுலபமான எதிரி என்று யாரும் நம்பப் போவதில்லை, அதனால் வேறு மாதிரி ஆடினார். இன்னொரு சாம்பியனான டோனி தனக்கு ஆள் சேர்ப்பதற்குள் அவரை அனுப்பினார். அப்புறம் சர்க்கரை. பரிசாக வந்த காபியோடு இருந்த சர்க்கரையைச் சாண்ட்ரா தின்று தீர்த்தார், ஜே.டி. அதை அதே ட்ரைப்பின் மிக்கேலா செய்ததாக நினைத்து எரிச்சலானார். மீன் கதையேதான், இந்த முறை திட்டத்தோடு. இருவருக்கும் பகையை முற்றவிட்டு, மிக்கேலாவின் ஓட்டைத் தன் பக்கம் கட்டிப்போட்டார். ஜே.டி. வெளியே. அவரிடம் ஐடல் இருந்தது, முகாமில் வைத்துவிட்டு வந்திருந்தார். அடுத்து ட்ரைப்கள் மறுபடி கலைக்கப்பட்டன, சாண்ட்ராவும் வார்னரும் மட்டும் சிறுபான்மை. வேறு பெயரைக் கிளப்பிப் பார்த்தார், எடுபடவில்லை. 16-ஆவது நாளில் வெளியேறினார். 39, 39, 16 என்று கூட்டினால், முதல் தடவையாக அவருடைய தீப்பந்தம் (வெளியேறுபவருடையதை அணைப்பார்கள்) அணைந்தது 94-ஆவது நாளில்.

2020-இல் வின்னர்ஸ் அட் வார், பரிசு 20 லட்சம் டாலர். இங்கேதான் அவர் தன் முறையை விட்டு விலகினார். அந்த சீசனில் ஃபயர் டோக்கன் என்ற நாணயம் புதிதாக வந்தது. காலாவதியாகப் போகும் தன் ஐடலை டெனிஸுக்கு விற்றார், ஒரு டோக்கன் முன்பணம், இன்னொன்று அப்புறம். டெனிஸிடம் ஏற்கெனவே ஒரு ஐடல் இருந்தது. இரண்டையும் எடுத்து ஒன்று தனக்கு, ஒன்று ஜெரமிக்கு என்று போட்டு, இருவருக்கும் விழுந்த ஓட்டையெல்லாம் செல்லாமல் ஆக்கி சாண்ட்ராவையே அனுப்பினார். விலை பேசும் ஆளாக முன்னால் வந்து நின்றதுதான் தப்பு. எட்ஜ் ஆஃப் எக்ஸ்டிங்ஷன் தீவில் காத்திருந்து திரும்பும் வாய்ப்பு இருந்தது, வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அந்த சீசனை ஜெயித்து இரண்டு பட்டக் கணக்கைச் சமன் செய்தவர் டோனி. அவர் தனிநபர் இம்யூனிட்டிகளையும் ஜெயித்தார், சாண்ட்ரா கடைசிவரை ஒன்றுகூட இல்லை.

நடுவில் 2019-இல் ஐலண்ட் ஆஃப் தி ஐடல்ஸில் ராபோடு சேர்ந்து வாத்தியாராக உட்கார்ந்ததும், 2022-இல் மகள் நினாவோடு ஆஸ்திரேலிய சர்வைவருக்குப் போனதும் உண்டு. ஆட்டம் என்று பார்த்தால் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் ஏழாவது சீசனில் தொடங்கி, இருபதாவதை முழுதாகப் பார்த்துவிட்டு, முப்பத்து நான்காவதில் அவர் வெளியேறும் எபிசோடோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓட்டெடுப்பு நடக்கும் டிரைபல் கவுன்சிலுக்கு முந்தைய பத்து நிமிடத்தில் பெயரை முதலில் உச்சரிப்பது யார், அதற்கு முன் அவரோடு பேசிக்கொண்டிருந்தது யார் என்று குறித்துக்கொண்டே பாருங்கள்.