சம்பளப் பாக்கியில் தொடங்கிய கொள்ளை

சோமாலியக் கொள்ளையர் உச்சத்தில் இருந்த 2010 வாக்கில் நான் தானியம், நிலக்கரி போன்ற சரக்கை ஏற்றும் ஒரு பல்க் கேரியர் கப்பலில் செகண்ட் இன்ஜினீயர். ஏடன் வளைகுடாவை நெருங்கும் முன்பே கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டிவிடுவோம். தீயணைப்புக் குழாய்களை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, பம்பை நிறுத்தாமல் ஓடவிடுவோம். பழைய பாய்லர் சூட் என்ற வேலை உடைக்குள் கந்தலைத் திணித்து, காவலுக்கு ஆள் நிற்பது போல கைப்பிடிக் கம்பியோரம் கட்டி வைப்பார் மேல்தள மாலுமிகளின் தலைவரான போசன். அதையும் மீறி யாராவது ஏறிவிட்டால் சுக்கானை இயக்கும் ஸ்டீயரிங் கியர் அறைக்குள் போய் உள்ளே பூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே தண்ணீர், பிஸ்கட், ஒரு சாட்டிலைட் போன் தயாராக இருக்கும்.

நாங்கள் பயந்து கடந்த, செங்கடலின் வாசலான பாபல் மண்டப் நீரிணையில்தான், பெரிம் தீவுக்குப் பக்கத்தில், 1695 ஆகஸ்டில் ஹென்றி எவரி என்ற இங்கிலாந்துக்காரன் 46 பீரங்கிகளோடு காத்துக் கிடந்தான். கடற்கொள்ளையர் என்றதும் எல்லோருக்கும் கரீபியன் கடலும் 'கரும்தாடி' என்ற கொள்ளையனும்தான் ஞாபகம் வருகின்றன. எனக்கு எவரிதான். அவன் கதை சம்பளப் பாக்கியில் தொடங்குகிறது என்பதுதான் காரணம்.

அவன் 'இரண்டாம் சார்லஸ்' என்ற கப்பலில் முதல் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. லண்டன் முதலீட்டாளர்கள் அனுப்பிய கப்பல் கூட்டத்தில் அதுவும் ஒன்று. ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்தில் அனுமதி வருமென்று மாதக்கணக்கில் நங்கூரம் போட்டு நின்றார்கள். பேசிய சம்பளம் வரவில்லை. லண்டனில் மாலுமிகளின் மனைவிமார் முதலாளியிடம் மனு கொடுத்துப் பார்த்தார்கள்; அவர் கைகழுவிவிட்டார். 1694 மே மாதம் ஒரு இரவு, எவரியும் கூட்டாளிகளும் கப்பலைக் கைப்பற்றி வெளியே கொண்டுபோனார்கள். கூட வர விருப்பமில்லாதவர்களைப் படகில் இறக்கிவிட்டார்கள். கப்பலுக்கு 'ஃபேன்சி' என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

சம்பளம் வராமல் நங்கூரத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிற்காலத்தில் நான் வேலை பார்த்த ஒரு கப்பலின் முதலாளி, மாதக்கணக்கில் எங்களை அப்படி விட்டுவைத்தார். டீசல் குறையக் குறைய ஜெனரேட்டரை ராத்திரியில் மட்டும் ஓட்டினோம். சமையல்காரர் அரிசியை டம்ளரில் அளந்து போட்டார். மகள் கல்யாணத்துக்குப் பணம் அனுப்ப முடியாத மோட்டர்மேன் ஒருவர், இன்ஜின் ரூமில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், கப்பல எடுத்துக்கிட்டு எங்கயாவது போயிடலாமா?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எவரியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் குரல்தான் காதில் விழுகிறது.

அதனாலேயே எவரி அடுத்துச் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏமனின் மொக்கா துறைமுகத்திலிருந்து சூரத்துக்குத் திரும்பிய முகலாயக் கப்பல் வரிசை இரவில் அவனைத் தாண்டிப் போய்விட்டது. துரத்தினான். முதலில் 'ஃபதே முகம்மது' சிக்கியது. பிறகு, சூரத்தை நெருங்கும்போது, ஔரங்கசீப்பின் சொந்தக் கப்பலான 'கஞ்ச்-இ-சவாய்'. அதில் 80 பீரங்கிகளும் 400 துப்பாக்கிகளும் இருந்தன என்கிறார் முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான். அவ்வளவு பலம் இருந்தும் முதல் சண்டையிலேயே அதன் பீரங்கி ஒன்று வெடித்துத் தன் ஆட்களையே கொன்றது. எவரியின் குண்டு பட்டுப் பெரிய பாய்மரம் முறிந்தது. கப்பல் தலைவன் கீழ்த்தளத்துக்கு ஓடி, தான் வாங்கிவந்த அடிமைப் பெண்களுக்குத் தலைப்பாகை கட்டி, "போய்ச் சண்டை போடுங்கள்" என்று மேலே அனுப்பினான் என்றும் காஃபி கான் எழுதியிருக்கிறார்.

கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஹஜ் முடித்துத் திரும்பிய பயணிகள். நாள்கணக்கில் சித்திரவதை நடந்தது, பெண்கள் மீது வன்முறை நடந்தது. மானத்துக்காகக் கடலில் குதித்தவர்கள் உண்டு, கத்தியால் குத்திக்கொண்டு செத்தவர்களும் உண்டு. சம்பளம் கேட்டுக் கிளம்பியவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. ஆளுக்கு ஏறக்குறைய 1,000 பவுண்டு பங்கு கிடைத்தது. அந்தக் காலத்து மாலுமி ஆயுசு முழுக்க உழைத்தாலும் பார்க்க முடியாத பணம்.

ஔரங்கசீப் சும்மா விடவில்லை. சூரத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களைச் சங்கிலி போட்டுச் சிறையில் வைத்தார்கள். எவரியின் தலைக்கு இங்கிலாந்து அரசு 500 பவுண்டு விலை வைத்தது, கம்பெனி அதை 1,000 ஆக்கியது. அவன் பஹாமாஸ் போய் கவர்னருக்கு லஞ்சம் கொடுத்து இறங்கினான், அப்புறம் மறைந்தே போனான். பிடிபட்டவர்களில் ஆறு பேரை 1696 அக்டோபரில் லண்டனில் விசாரித்தார்கள். முகலாயக் கப்பலைக் கொள்ளையடித்த வழக்கில் ஜூரி அவர்களை விடுதலை செய்துவிட்டது! அதிர்ந்துபோன அரசு, 'இரண்டாம் சார்லஸ்' கப்பலைத் திருடியதாக இன்னொரு வழக்குப் போட்டுத்தான் தண்டனை வாங்கியது. அந்தப் பெண்களுக்காக அந்த நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பும் வரவில்லை. நவம்பரில் ஐந்து பேரைத் தூக்கிலிட்டபோது, ஜான் ஸ்பார்க்ஸ் என்பவன் மட்டும் அந்த மக்களுக்கும் பெண்களுக்கும் செய்த கொடுமையை நினைத்து வருந்திப் பேசியதாகப் பதிவாகியிருக்கிறது.

லண்டன் மக்களோ அதற்கு முன்பே எவரிமேல் பாட்டு கட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1712-இல் ட்ரூரி லேன் அரங்கில் அவனை மாதிரியாக வைத்து நாடகமே போட்டார்கள். கடற்கொள்ளையன் நாயகனான கதை அப்போதே தொடங்கிவிட்டது.

ஏன் என்று கேட்டால், எவரிக்குப் பின்னால் வந்த கடற்கொள்ளையன் பார்தலோமியோ ராபர்ட்ஸின் கப்பல் ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்வேன். 1724-இல் லண்டனில் வெளியான ஒரு நூலில் அது இருக்கிறது. ஆளுக்கு ஒரு ஓட்டு. கொள்ளையில் கேப்டனுக்கு இரண்டு பங்கு, அவ்வளவுதான். கை கால் போனால் பொதுப்பணத்திலிருந்து 800 வெள்ளி நாணயம். அன்றைய கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ ஒரு மாலுமி இதைக் கனவிலும் கேட்டிருக்க முடியாது. என்னைக் கேட்டால், புதையல் வரைபடமும் தோளில் கிளியும் பின்னால் எழுத்தாளர்கள் மாட்டிவிட்ட அலங்காரம். சாதாரண ஆளைப் பிடித்து இழுப்பது அந்த ஒப்பந்தம்தான்.

2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவிலும், அடுத்த மாதம் நேபாளத்திலும், அரசை எதிர்த்துத் தெருவுக்கு வந்த இளைஞர்கள் 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானிய காமிக்ஸில் வரும் கொள்ளையரின் வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோட்டுக் கொடியைத் தூக்கினார்கள். என் அக்கா மகன் அதே படம் போட்ட டீஷர்ட்டோடு வந்து, "மாமா, பாத்தீங்களா?" என்று போனைக் காட்டினான். அவனுக்கு ராபர்ட்ஸின் ஒப்பந்தத்தையும் சொன்னேன், கஞ்ச்-இ-சவாயில் நடந்ததையும் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இப்போது மரைன் இன்ஜினீயரிங் படிக்கிறான்.

அதனால் அவனுக்குச் சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். முதலாளி கப்பலைக் கைவிட்டால் நான்கு மாதச் சம்பளம் வரை காப்பீட்டிலிருந்து கிடைக்கும் என்ற சர்வதேச விதி 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கான சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். கப்பலில் சைன் ஆன் செய்து வேலையில் சேர்ந்ததும் முதலில் அதைத் தேடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.