கையால் பேசுகிற வீட்டுப் பையன்

அமெரிக்க ஊமைப்பட நடிகர் லான் சேனி என்றாலே சினிமா பிரியர்கள் அவருடைய மேக்கப் பெட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். 'ஆயிரம் முகம் கொண்டவர்' என்று பட்டம் வேறு. எனக்கு அவர் பிறந்த வீடுதான் பெரிசு. 1883-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்தார். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது. அம்மா வாத நோயில் படுத்துவிட, பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடவே இருந்து, ஊரில் நடந்ததையெல்லாம் அவருக்கு நடித்துக் காட்டினான்.

குடியாத்தத்தில் எங்கள் வீடும் அப்படித்தான். நைனா தறியில் லுங்கி நெய்தவர், அம்மா பீடி சுற்றுவார். இரண்டு பேருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. இப்படிப்பட்ட வீட்டில் ஆளுக்குப் பெயர் கிடையாது, ஜாடைதான். பீடி இலை கொடுக்கிறவர் என்றால் அம்மா இடது தோளை இறக்கி, கண்ணைச் சுருக்கி, சுண்டு விரலால் காதைக் குடைவார். அந்த மனுஷனே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். தோளை இறக்காமல் கண்ணை மட்டும் சுருக்கினால் அது எதிர்வீட்டுத் தாத்தா. வாய் திறந்து பேசுவதற்கு முன்பே நான் கற்றது இது.

குணச்சித்திர நடிகருக்கு இதைவிட என்ன பயிற்சி வேண்டும்? சேனி நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராக அலைந்துவிட்டு, 1913 வாக்கில் சினிமாவுக்கு வந்தார். பல வருஷம் சில்லறை வேஷங்கள். 1919-ல் 'தி மிராக்கிள் மேன்' படத்தில் முடவன் போல ஏமாற்றுகிறவனாக நடித்த பிறகுதான் பெயர் கிடைத்தது. அடுத்த வருஷம் 'தி பெனால்டி'யில் இரண்டு காலையும் பின்னால் மடக்கிக் கட்டிக்கொண்டு முழங்காலால் நடந்தார். வலியைப் பார்த்தால் பதறுகிறது. 1923-ல் நோத்ர தாம் கூனன், 1925-ல் 'ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'. நம் கூத்துக்காரர்கள் அரிதாரம் பூசிக்கொள்வது போல, வேஷமெல்லாம் அவரே போட்டுக்கொண்டது.

காது கேளாதவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகக் கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்த்த ஊமைப்படக் காலம் அது. பேசும் படம் வந்து அதைப் பறித்துக்கொண்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சேனி நடித்த பேசும் படம் ஒன்றே ஒன்று, 1930-ல் வந்த 'தி அன்ஹோலி த்ரீ'. அது வெளியான சில வாரத்தில், ஆகஸ்ட் 26-ல், நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். கடைசி நாட்களில் குரல் எழும்பாமல் கை ஜாடையில்தான் பேசினார் என்பார்கள்.

'ஃபாண்டம்' படத்தை நைனாவுக்கு டிவியில் போட்டுக் காட்டினேன். சேனியின் முகமூடியைக் கதாநாயகி பிடுங்குகிற இடத்தில் நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நைனா அவளை நோக்கி நீள்கிற கையைக் காட்டினார். இவன் நம்ம ஆள் என்று ஜாடை செய்தார். சேனியின் வீட்டைப் பற்றி அதுவரை நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்து கூனன் படம் கேட்டிருக்கிறார். நடுவில் வருகிற இங்கிலீஷ் எழுத்தை மட்டும் நான் கையால் சொன்னால் போதும்.