நேசநாடுகளும் மறைத்துத் தந்த ரகசியமும்

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தபின், பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மானியரின் எனிக்மா என்னும் பொறி உருவாக்கிய சங்கேதங்களை உடைத்துப் பெற்ற செய்திகளில் சிலவற்றை மாஸ்கோவுக்கும் தரவேண்டுமென்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் விரும்பினார். ஆனால் சங்கேதம் உடைபட்ட கதை கசிந்துவிடக் கூடாது என்பதால், ஏதோ ஓர் ஒற்றன் சொன்ன தகவல்போல வேடம் போட்டே அவை அனுப்பப்பட்டன. மூலம் தெரியாத சரக்கை ஸ்டாலின் எப்படி நம்புவார்? ஜெர்மனி தாக்கக்கூடும் என்று அவ்வாண்டு ஏப்ரலில் சர்ச்சில் விடுத்த எச்சரிக்கையையே சூழ்ச்சியெனச் சந்தேகித்தவர் அவர்.

வேடிக்கை என்னவென்றால், அதே பிளெட்ச்லியில் பணிபுரிந்த ஜான் கெய்ர்ன்கிராஸ், 1943 ஜூலையில் ஜெர்மனிக்கும் சோவியத்துக்கும் இடையே நடந்த கூர்ஸ்க் போருக்கு முன்பே, உடைத்தெடுத்த செய்திகளின் மூலத்தாள்களைக் கால்சட்டைக்குள் செருகிக் கடத்தி, லண்டனிலிருந்த சோவியத் உளவுத்துறையிடம் சேர்த்துக்கொண்டிருந்தார். முறைப்படி வந்த சுருக்கத்தைவிடத் திருட்டுத்தனமாக வந்த தாளைத்தான் மாஸ்கோ பெரிதாக மதித்திருக்கும் என்பது என் கணிப்பு.