அறியாமைத் திரை ஆட்டம்: மூடி போட்ட கொட்டான் வந்ததும் செட் ஆயிருச்சு

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸோட அறியாமைத் திரைங்கற யோசனையை வச்சு ஒரு கார்டு ஆட்டம் பண்ணிக்கிட்டு இருக்கேன். போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு வளவுல அப்பச்சி, அயித்தை, தெருவுல உள்ள காலேஜ் பசங்கன்னு எல்லாரும் உக்காந்து ஆடினப்பதான் நான் எதிர்பார்த்த சண்டை நடந்துச்சு, அவ்வளவு சந்தோசம்.

ரால்ஸ் 1971ல எழுதினது இதுதான்: நாம பணக்காரனா ஏழையா, யாரா இருக்கப் போறோம்னே தெரியாம ஒரு திரைக்குப் பின்னாடி உக்காந்து விதி போட்டாத்தான் அது நியாயமா இருக்கும். இப்ப ஆட்டத்துக்கு வாரேன். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம், கையில 100 வில்லை. மதியச் சாப்பாடு, லேப், பஸ், பொம்பளப் புள்ளைகளுக்குக் கழிப்பறை, முதல் மார்க்குக்குப் பரிசுத்தொகை, எதுக்கு எவ்வளவுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டு எழுதி முடிச்சாத்தான் கார்டு எடுக்கலாம். நீங்க ஜவுளிக்கடை முதலாளி மகனா, பஸ் வராத ஊர்ல இருந்து நடந்து வர்ற புள்ளையா, கண்ணு தெரியாத பையனான்னு கார்டுதான் சொல்லும்.

சிக்கலே கார்டு எண்ணிக்கைலதான். ஆறு வேஷம் ஆறு கார்டுன்னு விரிச்சு வச்சா பசங்க உடனே கணக்குப் போடுறாங்க, "கஷ்டமான கார்டு ஆறுல ரெண்டுதானே அண்ணே, பரிசுத்தொகையை ஏத்துவோம்"னு. இதுவும் பெரிய யோசனைதான், பொருளாதார அறிஞர் ஹர்சான்யி 1950கள்லயே சொன்னது: யாரா வேணா ஆகலாம், எல்லாத்துக்கும் சம வாய்ப்புன்னா சராசரியை ஏத்துறதுதான் புத்தி. ஆனா ரால்ஸ் திரைக்குப் பின்னாடி அந்த வாய்ப்புக் கணக்கே கையில கிடையாது, அதனாலதான் ஆகக் கீழ இருக்கவனைப் பாத்து முடிவெடுங்கங்கறாரு. அப்ப எண்ணிக்கை தெரிஞ்சிருச்சுன்னா அது ரால்ஸ் ஆட்டமே இல்ல.

தாயக்கட்டை உருட்டி கார்டு போடலாமான்னா, தாயம்னாலே திரும்ப வாய்ப்புக் கணக்கு உள்ள வந்துருது. கடைசியில மூடி போட்ட பனையோலைக் கொட்டான்தான் கைகொடுத்துச்சு. ஆட்டத்துல சேராத ஒருத்தர் உள்கட்டுக்குப் போயி பெரிய கார்டுக் கட்டுல இருந்து இஷ்டப்படி எடுத்துப் போட்டு மூடிக் கொண்டுவரணும், எந்தெந்த வேஷம் உள்ள இருக்குன்னுகூட சொல்லக்கூடாது. ஒரே ஆள் போட்டா அவுக குணத்தை வச்சு ஊகிக்கிறாங்க (எங்க ஆயான்னா எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு போடும்னு எல்லாருக்கும் தெரியும்), அதனால ஒவ்வொரு சுத்துக்கும் ஆளை மாத்தணும். கார்டுக்கு 300 ஜிஎஸ்எம் கனமான அட்டை, பளபளப்பில்லாத மேட் லேமினேஷன்தான் சொல்லுவேன், நான் முதல்ல வாங்கின பளபளா லேமினேஷன் வெயில்ல ஓரம் சுருண்டு எது எந்தக் கார்டுன்னு காட்டிக்குடுத்துருச்சு. சிவகாசில குறைஞ்ச எண்ணிக்கைக்கு அடிச்சுக் குடுக்குற ஆள் தெரிஞ்சா சொல்லுங்க.

கொட்டான் வந்ததும் பேச்சே மாறிருச்சு. சாப்பாடு, பஸ், கழிப்பறை மூணுக்கும் முதல்ல ஒதுக்கி வச்சுட்டாங்க, யாரும் எதிர்க்கல. மிச்சத்துக்குத்தான் சண்டை. அப்பச்சி, "அடியில விழாமப் பாத்துக்கிட்டோம்ல, கெட்டிக்காரப் புள்ளைய ஏன் பிடிச்சு இழுக்குறீக?"ன்னாக. அயித்தை விடல, "அந்தப் புள்ள மேல போறதுல கீழ உள்ள புள்ளைக்கு என்ன வருதுன்னு சொல்லுங்கண்ணே, அப்புறம் தாரேன்". ஆகக் கீழ உள்ளவனுக்கும் நல்லது வந்தாத்தான் ஏற்றத்தாழ்வு சரிங்கற ரால்ஸோட வேறுபாட்டுக் கொள்கை இதேதான், அயித்தை அந்தப் பேரைக் கேட்டதுகூட இல்ல! ஆனா ஓட்டெடுப்புல அப்பச்சி பக்கம்தான் ஜெயிச்சுச்சு. ஃப்ரோலிக், ஓப்பன்ஹைமர்னு ரெண்டு அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் 1980கள்ல இதே மாதிரி சோதனை பண்ணப்பவும் பெரும்பாலான குழுக்கள் குறைஞ்சபட்சத்தை உறுதி பண்ணிட்டு அதுக்கு மேல சராசரியைத்தான் ஏத்துனாங்க. நான் அயித்தை பக்கம்தான்.

நடுவுல அப்பச்சி எங்க ஊர் வள்ளல் அழகப்பச் செட்டியாரை இழுத்தாக. 300 ஏக்கரும் 15 லட்சமும் அவுக குடுக்கலேன்னா காரைக்குடிக்கு சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வந்திருக்குமான்னு கேட்டாக. வந்திருக்காது, சத்தியம். ஆனா வள்ளல் பொறக்காத ஊர்ப் புள்ளைக்கு என்ன வழிங்கறதுதான் ரால்ஸ் கேக்குறது, அதுக்கு விதிதான் வேணும், ஒருத்தரோட நல்ல மனசு மட்டும் போதாது.

விதித்தாள் இன்னும் முடியல. அடிப்படை உரிமைகளை எதுக்காகவும் விட்டுத்தரக்கூடாதுங்கற ரால்ஸோட முதல் கொள்கை ஆட்டத்துக்குள்ள வரவே இல்ல, 100 வில்லையும் பணத்தைப் பத்தி மட்டும்தான் பேசுது. அதுக்குள்ள மனசு ரால்ஸுக்கு மறுப்பு எழுதின தத்துவ அறிஞர் நோசிக் பக்கம் போயிருச்சு. 1974ல அவர் கேட்டது, யாருக்கு எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாத்தா போதுமா, அது எப்படி வந்துச்சுன்னு பாக்க வேணாமான்னு. அதனால ஒவ்வொரு வில்லைக்குப் பின்னாடியும் அது சம்பாதிச்சதா, பாட்டன் சொத்தா, பிடுங்கினதான்னு எழுதணும். பழைய சாமான் விக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய மரவில்லை கிடைக்குதான்னு இந்த வாரம் பாக்கப் போறேன், கொட்டான் முடையிற அக்காகிட்ட இன்னும் ரெண்டு சொல்லிட்டேன்.